இடது பின் சக்கரம்

வண்டி ஜாக்கியில் நின்றது. சக்கரம் தரையைத் தொடவில்லை, யாரும் சுற்றவும் இல்லை. ஆனாலும் இடது பின்பக்கம், டயர் மட்கார்டில் உரசுகிற மாதிரி ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. மெக்கானிக் ஸ்பேனரை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். அகலமான புது டயருக்கும் தகட்டுக்கும் நடுவே தாராளமாக விரல் போகும். உள்ளேயிருந்து புது ரப்பர் வாசனையோடு வியர்வை நாற்றமும் வந்தது. அவனுடைய வியர்வை மாதிரியே இருந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வண்டி அவன் சகலையுடையது. துருப்பிடித்துக் கிடந்ததை இழைத்து இழைத்து அழகாக்கியது இவன் கை, பேர் மட்டும் அவனுக்கு. மாமனார் வீட்டில் சகலையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற மகளே "சித்தப்பா கார், சித்தப்பா கார்" என்று உருகினால் எந்த அப்பனுக்குத்தான் வயிறு எரியாது?

சக்கரம் தொங்கும்போது நட்டுகளைக் கையால் முறுக்கி நிறுத்துவார்கள். வண்டியை இறக்கி, எடை உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டுக் கடைசி இறுக்கம். இறக்கினான். மூன்று சக்கரத்துக்கு இறுக்கினான். நாலாவதான இடது பின் சக்கரத்துக்கு வந்தபோது காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். ஷெட்டில் அவனைத் தவிர ஆள் இல்லை.

"விடு," என்றது அவனுடைய குரலே.

இறுக்காமலே விட்டுவிட்டான்.

சகலை வந்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உங்க கை பட்டாலே தனிதான் அண்ணா என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். வண்டி போனதும் ஷெட்டில் வியர்வை நாற்றம் இல்லை. சுத்தமாக இல்லை. அது எங்கே போனது?

மனைவி போன் செய்தாள். சகலை வீட்டு வாசலுக்கு வந்து மகளையும் ஏற்றிக்கொண்டானாம், பைபாஸில் ஒரு ரவுண்டாம்.

அவன் சகலை எண்ணை அழுத்தினான். எடுத்தது மகள்.

"நிறுத்தச் சொல்லும்மா. உடனே வண்டியை நிறுத்தச் சொல்லு."

மகள் சிரித்தாள். "என்னப்பா விளையாட்டு இது? பின் சீட்ல உட்கார்ந்துக்கிட்டே சித்தப்பாவுக்குப் போன் பண்றீங்க?"

போனுக்குள், அவளுக்கு மிக அருகில், அவன் குரல் கொஞ்சலாகப் பேசியது.

"அது யாரோ, கண்ணு. போனை வை. சகலை, இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க."