திரும்பிப் போகப் பத்து நாள்

"அண்ணே, செத்த இத மடியில வச்சுக்கிடுங்க... கனமா இருக்கும், பாத்து!"

ராஜபாளையத்தில் கிளம்பிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. வெளியே சடசடவென்று மழை. நிற்பவர் தன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைப்பது இந்தப் பக்கம் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை. டிபன் பை, கட்டைப்பை, சமயத்தில் கைக்குழந்தைகூட முகம் தெரியாத மடிக்கு வந்துவிடும். ஆனால் அனஸின் மடியில் வந்து உட்கார்ந்தது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி! மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை... சிபியு மட்டும், பாலித்தீன் கவர் சுற்றி.

நிமிர்ந்து பார்த்தான். ஈர முக்காட்டுக்குள் இரண்டு கண்கள்... பெரிய கண்கள். பெட்டியை இவனிடம் விடலாமா, வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத கண்கள்! இமையோரம் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது.

அந்த 'அண்ணே'தான் கொஞ்சம் குத்தியது.

நாலரைக்கு எழுந்து, நூல் மில்லில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு, வத்திராயிருப்பில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகும் எலக்ட்ரீசியன் அவன். அந்தக் கண்களை இன்னொரு தடவை நினைத்துப் பார்க்கலாமே என்று தன் கண்களை மூடினான். அவ்வளவுதான்... கிருஷ்ணன்கோவிலில் கண்டக்டர் தோளைத் தட்டியபோதுதான் முழித்தான்.

மடியில் பெட்டி இருந்தது. அவள் இல்லை!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிய கூட்டம் அவளையும் தள்ளிக்கொண்டு இறங்கியிருக்கிறது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை மூன்று சுற்றுச் சுற்றினான். காணோம். அக்கா வீட்டை மறந்துவிட்டு ராஜபாளையத்துக்கே வந்து, பெட்டியை டிவியில் மாட்டி, பழைய மவுஸ் ஒன்றைச் சொருகிப் பார்த்தான். 'ஹஃப்ஸா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி, கீழ ரத வீதி, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று திரை முழுக்கப் பூவேலை... கீழே செல் நம்பர்.

"பெட்டி பத்திரமா இருக்குங்க. நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சதும் கொண்டு வாரேன்."

"யா அல்லா... ஆட்டோ பிடிச்சு பஸ்ஸத் தொரத்துனேன் அண்ணே. கெடைக்கல..." அந்தப் பக்கம் குரல் உடைந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எது கையில் கிடைத்தாலும் சரிசெய்து பார்க்காவிட்டால் அனஸுக்குக் கை அரிக்கும். இன்டர்நெட் வயரைச் சொருகியதும் திரையில் ஒரு கட்டம் வந்தது. புது விண்டோஸ் தயார்... இப்போதே மாற்றலாமா, பிறகா? அழுத பொண்ணுக்கு ஒரு நல்லது செய்து கொடுப்போமே என்று, 'இப்போதே'வை அமுக்கினான்.

*

"இப்ப என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

மாடிக் கடையில் ஹஃப்ஸா நின்ற நிலையைப் பார்த்து அனஸ் ஒரு படி பின்னால் இறங்கினான். நேற்றைய கண்களா இவை? தீப்பொறி பறந்தது!

டிசைன் வரைகிற சாப்ட்வேர் பழசு. புது விண்டோஸில் அது திறக்கவே மறுத்தது. ஆறு வருடமாக அவள் வரைந்த கொடியும் பூவும் உள்ளேதான் இருந்தன. எடுத்துத் திருத்த வழியில்லை. ஏற்கெனவே பென்டிரைவில் போட்டு வைத்ததை மட்டும் மெஷின் தைக்கும்.

"ஆறு மாசமா மாத்தலாமா வேண்டாமான்னு யோசிக்கேன். அதப் பத்தி நான் படிக்காத பக்கம் இல்ல, பாக்காத வீடியோ இல்ல. நேத்து மாத்திரலாம்னுதான் ராஜபாளையம் தூக்கிட்டுப் போனேன். சர்வீஸ் கடைல ஒக்காந்து, மனசு கேக்காம, மாத்தாமலே திருப்பித் தூக்கிட்டு வந்தேன். நீங்க ஒத்த நிமிசத்துல...!"

"நல்லதுன்னு நெனச்சுதாங்க..."

"நம்பர் கெடச்சு போன் பண்ணீங்க, சந்தோசம். அதுக்கப்பறம் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்க வேண்டியதான?"

மூலையில் நூல் கத்தரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா நசீமா தலை தூக்கினாள். "விடும்மா, மூஞ்சி வாடிப் போச்சு பாரு அந்தத் தம்பிக்கு. டீ குடிக்கியாப்பா?"

"குடிக்கேன் மாமி" என்று சொல்லிவிட்டு ஹஃப்ஸாவைப் பார்த்தான். முறைத்தாள். "இத நானே சரிபண்ணித் தாரேன். எம்புட்டு நாளானாலும் சரி."

"மம்சாபுரத்துக் கல்பனாக்கு அடுத்த திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை முகூர்த்தம். கல்யாண ரவிக்கைக்குப் புதுசா டிசைன் வரையணும். ஞாபகம் வச்சுக்கிடுங்க!"

மறுநாள் மில் கேண்டீனில், டீ ஆறிக்கொண்டிருக்க, போனில் தேடினான்... கிடைத்தது! செட்டிங்ஸுக்குள் ஒரு பொத்தான். மாற்றிய பத்து நாளுக்குள் அதை அமுக்கினால் பழையபடியே எல்லாம் வந்துவிடும். பத்து நாள் தாண்டினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

சொல்லத்தான் ஓடினான். மூச்சு வாங்க மாடி ஏறி நின்றவனைப் பார்த்து, "மழைல நனஞ்சு காக்கா மாதிரி வந்து நிக்கீங்க!" என்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது... அனஸும் சேர்ந்து விழுந்தான். சொன்னால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் என்ன சாக்கில் இந்தப் படி ஏறுவது?

நாளைக்குச் சொல்லுவோம் என்று வாயை மூடிக்கொண்டான்.

நாளை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. தினமும் ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்தான். அதை ஏற்றிப் பார்த்தான், இதை இறக்கிப் பார்த்தான். சாப்ட்வேர் விற்றவர்களுக்குப் போன் போட்டான். வேலைக்கு ஆகாது என்று தெரிந்தே எல்லாம் செய்தான். அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நூல் கோத்தபடி கிண்டல் செய்தாள். நான்காம் நாளோடு அந்த 'அண்ணே' நின்றுபோனது.

"மில்லுல மெஷின் எல்லாம் ஓடுதா... இல்ல, அங்கயும் நல்லது பண்ணிட்டீங்களா?"

"அங்க யாரும் ஒங்கள மாதிரி முறைக்க மாட்டாங்க. அதனால ஓடுது."

சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவனுக்குச் சோறாக இறங்கவில்லை... முள்ளாகத்தான் இறங்கியது. மில்லில் மோட்டார் முன்னால் ஸ்பேனரோடு நின்றபடியே நாள் எண்ணினான். ஆறு போச்சு. ஏழு போச்சு. கல்பனா ரெண்டு தடவை போன் பண்ணிவிட்டாளாம். ஆறு வருட உழைப்பைப் பணயம் வைத்தல்லவா அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்! சொன்னால் இந்த முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் தன் முகத்திலேயே விழிக்க முடியாது.

எட்டாம் நாள் அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "கோவம் வந்தாக்கூட எனக்குப் போயிரும். மறைச்சு வச்சுப் பேசுனா மட்டும் தாங்க மாட்டேன்."

அனஸ் டீயை வாயைச் சுட்டுக்கொண்டு குடித்தான்.

*

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை. மில்லில் பர்மிஷன் கேட்டுப் போன ஜும்மா தொழுகையில்கூட மனம் நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது நல்ல மழை. கடையில் ஹஃப்ஸா தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மா உள்ளறையில் ரவிக்கைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிருதேன்." உட்காரவில்லை அவன். "பழசுக்குத் திரும்பிப் போக இதுலயே வழி இருக்கு. இன்னைக்கோட முடியுது. எனக்கு... ரெண்டாம் நாளே தெரியும்."

அவள் திரும்பவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இங்க வர முடியாதே... ஒங்களப் பாக்க முடியாதே. பஸ்ல பாத்த அன்னைக்கே புத்தி போச்சுங்க. பண்ணது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. அமுக்குங்க, நான் கெளம்புதேன்."

"நில்லுங்க."

திரும்பினாள். கண்ணில் கோபத்தைத் தேடினான்... ஈரம்தான் இருந்தது. உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம் இதப் பத்திப் படிச்சவ நான். இந்தப் பொத்தான் எனக்குத் தெரியாதா?"

அனஸ் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"மொத நாளே தெரியும். நீங்க டீ கிளாஸ கீழ வைக்கட்டும், அமுக்கிரலாம்னுதான் இருந்தேன். பொறவு... நாளைக்கு அமுக்கிக்கிடுவோம்னு தோணுச்சு. ரெண்டாம் நாள் வந்தப்ப ஒங்க மூஞ்சியே காட்டிக் குடுத்துருச்சு, ஒங்களுக்கும் தெரியும்னு. சரி, எப்பத்தான் வாயத் தொறக்காருன்னு பாப்போம்னு இருந்தேன்."

"நான் சொல்லாமலே விட்டிருந்தா?"

"அஞ்சு மணிக்கு நானே அமுக்கியிருப்பேன். ஒங்க நம்பரையும் அழிச்சிருப்பேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலு இருபது!

ஹஃப்ஸா மவுஸை நகர்த்தி அந்தப் பொத்தானை அமுக்கினாள். திரை இருண்டு, வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"புது விண்டோஸ இன்னும் ஒரு வருசம் கழிச்சுப் பாத்துக்கிடலாம். அதுக்கு நான் இன்னும் யோசிக்கணும்."

"அப்ப... எனக்கு?" ஸ்டூலிலிருந்து எழுந்தான் அவன். "நானும் ஒரு வருசம் நிக்கணுமா?"

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. ஆறு மாதம் ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டியவள், இதற்குப் பதில் சொல்ல அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

"நாளைக்கும் ஞாயித்துக்கெழமையும் கல்பனா ரவிக்கை வேல கெடக்கு. திங்கக்கெழமை அவ கல்யாணத்துக்குப் போகணும். செவ்வாக்கெழமை ஒங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க... எனக்கும் ஒங்களப் பாக்காம இருக்க முடியல."