பதினேழாம் அடிக்குறிப்பு

காலையிலிருந்து வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டு வருஷமாக இவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பவள். அந்தக் கலைக்களஞ்சிய அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வாயாடி என்றால் வாட்ச்மேன் முதல் பதிப்பாசிரியர் வரை எல்லோருக்கும் தெரியும். தும்மினால்கூட அதற்கு ஒரு கதை சொல்வாள். அப்படிப்பட்டவள், ஆண்டுக் கடைசி விடுமுறை தொடங்கும் சாயங்காலம், மற்ற எல்லோரும் மத்தியானமே ஓடிப்போய்விட்ட பிறகு, தலையைக் குனிந்துகொண்டு தன் விரல் முட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். எட்டு முட்டியும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"கையில என்னடி?"

"ஒண்ணுமில்ல. சுவத்துல இடிச்சுக்கிட்டேன்."

எட்டு முட்டியுமா ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டது? இவள் கேட்கவில்லை. சொல்லவேண்டியதை அவளே சொல்வாள், எப்போதும் அப்படித்தான்.

மேசையில் வாயாடி எழுதிய கட்டுரை கிடந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு வக்கீலின் வாழ்க்கை. நீதிமன்றத்தில் பேர் வாங்கி, போர் வந்ததும் படையில் சேர்ந்து, தளபதியாகி, முற்றுகையில் சிக்கிய கோட்டையைக் காப்பாற்றிய மனுஷன். நாற்பது அடிக்குறிப்புகள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்பது அலுவலக விதி. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழ்த்தளத்து ஆவண அறைக்குப் போய், மூலத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, பச்சை மையில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும்.

இவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் கீழே போனதில்லை. வாயாடி எழுதியதில் இவள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். இவள் எழுதியதில் வாயாடி போடுவாள். தப்புதான். ஆனால் அந்த நம்பிக்கையில் இவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கூடப்பிறந்த அக்காவையே இவள் அவ்வளவு நம்பியதில்லை.

வழக்கம்போல மளமளவென்று போட்டுக்கொண்டு வந்தாள். பதினாறு முடிந்தது. பதினேழின் மேல் வாயாடி கையை வைத்து மறைத்தாள்.

"இதை மட்டும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு கண்ணாடி."

மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் அவள் இவளுக்கு வைத்த பெயர் அது.

"என்னடி புதுசா? நீ எழுதினதுல உனக்கே சந்தேகமா?"

"போயிட்டு வாயேன். அஞ்சு நிமிஷ வேலை." சாவியை நீட்டியபோதும் அவள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது, வந்து விசாரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு இவள் படியிறங்கினாள். மணி நாலரை. ஐந்துக்கு வீட்டுக்காரர் வண்டியோடு வந்து வாசலில் நிற்பார். ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஹாரனை அடித்தே மானத்தை வாங்குவார்.

ஆவண அறையின் இரும்புக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அதனால் உள்ளே போகிறவர்கள் வாசலில் கிடக்கும் மரக்கட்டையைக் கதவுக்கடியில் செருகிவிட்டுத்தான் போகவேண்டும். இவள் காலால் நன்றாக உதைத்துச் செருகினாள். உள்ளே நனைந்து காய்ந்த காகித வாடையும், அதற்கும் அடியில் ஈரச் சுண்ணாம்பு வாடையும் வந்தன; யாரோ இப்போதுதான் சுவர் பூசிவிட்டுப் போனதுபோல அது அவ்வளவு புதிதாக இருந்தது. ஒற்றை விளக்கு. அலமாரிகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கடைசி வரிசைக்கு அப்பால் சுவர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மேலே கையகலக் காற்றுத் துளை ஒன்று, வாசல் பக்கமாக. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

பெட்டியைத் திறந்தாள். தளபதியின் கையெழுத்து அழகாக இருந்தது, வக்கீல் கையெழுத்து. எதிரி வரக்கூடிய நிலவறையைச் செங்கல் வைத்து அடைக்குமுன் எழுதியது. 'உள்ளே சென்று நேரில் பார்த்தேன். யாரும் இல்லை. அறை காலி.'

கட்டுரையில் இருந்ததும் அதுதான். சரி, முடிந்தது என்று பேனாவைத் திறந்தவள், பெட்டிக்கு அடியில் ஒரு மெல்லிய நோட்டைப் பார்த்தாள். யாரோ ஒரு சிப்பாயின் நாட்குறிப்பு. ஓரத்தில் பென்சிலால் சின்ன நட்சத்திரம். அது வாயாடி போடும் அடையாளம்.

'தளபதியின் குமாஸ்தா உள்ளே இருக்கிறான். கூடவே படித்தவன், கூடவே படைக்கு வந்தவன். தளபதி வக்கீலாக இருந்து ஜெயித்த பொய்ச் சாட்சி வழக்குகள் எல்லாம் அவனுக்குத் தெரியும். தளபதி கதவுவரைகூடப் போகவில்லை. கையெழுத்து மட்டும் போட்டார். உள்ளேயிருந்து தட்டுகிறான். தளபதி அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறார்.'

அடுத்த பக்கம்.

'ஒன்பது நாளுக்கு மேல் உயிர் தாங்காது. இன்று பதினைந்தாம் நாள். இன்னும் தட்டுகிறான்.'

வாயாடி இதைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, அறை காலி என்று எழுதியிருக்கிறாள். ஏன்?

டொக்.

கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து. எலியாக இருக்கும்.

டொக். டொக்.

எலி இப்படி நிதானமாகத் தட்டாது. இவள் நோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் மரக்கட்டை உராயும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் ஒரு கை. தோலுரிந்த முட்டிகள்.

"ஏய்! நான் உள்ள இருக்கேன்டி!"

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

"வாயாடி! விளையாடாத! கதவத் திற!"

கதவுக்கு அப்பால் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் பேசினாள், காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம்.

"மூணு மாசமா என்னத் தூங்க விடலடி. அறை காலின்னு எழுதின அன்னிக்கு ஆரம்பிச்சுது. எந்திரிச்சுப் பாத்தா நானே சுவத்தத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். பக்கத்துல அந்தக் குமாஸ்தா நிக்கிறான். அவன் எடத்துல நிக்க வேற ஆள் கேக்குறான். புள்ளையவா குடுக்க முடியும்? உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

"நான் என்னடி பண்ணினேன் உனக்கு?"

செருப்புச் சத்தம் படியேறிப் போனது.

இவள் கதவை அறைந்தாள். கத்தினாள். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ஐயோ, வந்துவிட்டார். அந்த ஹாரனைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. காற்றுத் துளைக்குக் கீழே ஓடி, தொண்டை கிழிய அவரைக் கூப்பிட்டாள். துளை வழியாகப் பேச்சு தெளிவாக வந்தது. இவள் குரல் மட்டும் வெளியே போகவில்லை.

"அவ இன்னும் இறங்கலயாம்மா?"

"அவ அப்பவே கிளம்பிட்டாளே அண்ணா. கடைக்குப் போறேன்னா. வீட்டுக்கு வந்துடுவா, நீங்க போங்க."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாள். பயத்தையும் மீறி இவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

வண்டி கிளம்பிப் போனது. பிறகு வாட்ச்மேனின் குரல் கேட்டது. "கீழ யாராச்சும் இருக்காங்களாம்மா? மெயின ஆஃப் பண்ணிடவா? இனி பத்து நாள் கழிச்சுத்தான் தொறப்போம்."

"யாரும் இல்லண்ணே. நான் நேர்ல பாத்துட்டேன். காலி."

"தட்டுற சத்தம் கேக்குற மாதிரி இருக்கே?"

"அது மூணு மாசமா கேக்குதுண்ணே."

விளக்கு அணைந்தது.

டொக்.

இவள் தட்டவில்லை.

டொக். டொக்.

போனை எடுத்தாள். வெளிச்சம் அலமாரிகளுக்கு நடுவே நீண்டு, கடைசி வரிசையைத் தாண்டிப் போனது. அங்கே வேறு சுவர். செங்கல். ஈரம் காயாத சுண்ணாம்பு. அதைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, மெலிந்த ஒருவன். தூக்கிய கையில் விரல்கள் இல்லை. மணிக்கட்டுவரை தேய்ந்துபோயிருந்தது.

வெளிச்சம் பட்டதும் அவன் தட்டுவதை நிறுத்தினான்.

திரும்பவில்லை. கையை மெல்லக் கீழே இறக்கினான். பிறகு ஓர் அடி தள்ளி நின்று, சுவரில் இவளுக்கு இடம் விட்டான்.