குறை குதிரைகளிடம் இல்லை

தங்க விளிம்பு வைத்த கோப்பைகளை ஹனோரா தன் கையாலேயே எடுத்து மேஜையில் வைத்தபோது மருமகள் மஜெல்லா கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பாதிரியார் வரும் நாளில் மட்டும் அலமாரியை விட்டு இறங்கும் கோப்பைகள் அவை. இன்று ஜப்பானிலிருந்து இமாயி என்ற பெரிய பண்ணைக்காரர் பாரோ பிரின்ஸை விலைபேச வருகிறார். அயர்லாந்தில் இந்த டிப்பரரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் அந்தச் செந்நிறப் பொலிகுதிரையைப் போல இன்னொரு அழகன் கிடைக்கமாட்டான். அழகு இருந்து என்ன செய்ய? போன பருவத்தில் அவனோடு சேர்த்த பண்ணையின் பெண்குதிரைகளில் பாதிக்குமேல் சினை பிடிக்கவில்லை.

"அவர் கேட்டா, நம்ம பெண்குதிரைங்கதான் சரியில்லன்னு சொல்லிடு. அதுங்கள பாத்துக்கறவ நீதானே... நீ சொன்னா நம்புவாரு," என்றாள் ஹனோரா, சோடா ரொட்டியை நறுக்கிக்கொண்டே.

"அத்தனை குதிரையுமா அம்மா சரியில்லாம போகும்?"

"ஏன் போகாது? பொண்ணாப் பொறந்தும் காய்க்காம நிக்கிறது எப்படின்னு இந்த வீட்ல உனக்கு நாங்க சொல்லித் தரணுமா?"

கத்தி ரொட்டியில் இறங்கியது, சொல் மஜெல்லாவுக்குள் இறங்கியது. கொழுந்தன் லோர்கன் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டான். இந்த விற்பனை நடக்காவிட்டால் மேட்டுப் புல்வெளியை விற்றுவிட வேண்டியதுதான், புல்வெளி போனபின் அண்ணியின் செல்லக் குதிரைகளுக்கு இங்கே என்ன வேலை என்றான். கணவன் ஃபின்டன் தன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் இந்தப் பேச்சு எப்போது வந்தாலும் அவனுக்கு டீக் கோப்பையின் அடியில் ஏதோ தெரியும்.

அந்தக் கோப்பையில் என்ன தெரிகிறது என்று மஜெல்லாவுக்குத் தெரியும். கல்யாணமாகிச் சில வருடங்களில் இருவரும் யாருக்கும் சொல்லாமல் டப்ளினுக்குப் போய் டாக்டரைப் பார்த்தார்கள். குறை ஃபின்டனிடம் இருந்தது. திரும்பும் வழியில் அவன் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். பொலிகுதிரை வளர்க்கிறவனுக்கே இந்த நிலைமை என்றால் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் எத்தனை நாள் சிரிப்பார்கள்! குறை தன்னிடம் என்று இருக்கட்டும் என அன்று அவள்தான் சொன்னாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் ஹனோரா அவளைப் பிள்ளை வரம் கேட்கப் புனிதக் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூர்ங்கற்கள் மேல் வெறுங்காலோடு சுற்றச் சொன்னாள், முள்மரத்தில் துணி கட்டச் சொன்னாள். கர்ப்பிணிகளைக் காக்கும் புனிதரின் பெயரை உனக்கு யார் வைத்தார்கள் என்று வழியெல்லாம் குத்திக்காட்டினாள். ஒரு வருடம் பாதம் கிழிந்து தையல் போட வேண்டியிருந்தது. அப்போதும் ஃபின்டன் பேசவில்லை.

இமாயி வந்தார். மெலிந்த, வயதான மனிதர். பேச்சை மொழிபெயர்க்க ஒரு இளம்பெண் கூட வந்திருந்தாள். ஃபின்டன் தலைக்கயிற்றைப் பிடித்துப் பிரின்ஸை முற்றத்தில் நடத்திக் காட்டினான். மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்தது குதிரை. கிழவர் அதன் கால்களைத் தடவிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். பிறகு, சினை பிடிக்காத குதிரைகளைப் பற்றிக் கேட்டார். குதிரைகளில்தான் கோளாறு என்று ஹனோரா முந்திக்கொண்டாள்.

அவர் தலையசைத்துவிட்டு மஜெல்லாவின் பக்கம் திரும்பினார். பரிசோதனை ஒருநாள் விஷயத்தைத்தான் சொல்லும், பருவம் முழுக்கக் கூட இருந்தவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன் என்று அவர் சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள்.

மஜெல்லா வேலிப் பக்கம் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். புல்வெளி தப்பிக்கும், குதிரைகள் தப்பிக்கும். தன் மேல் விழுந்த பழியை வாய் திறக்காமல் சுமந்தாயிற்று... ஆனால் அது தன் பழி, தானே விரும்பி எடுத்தது. வேலிக்கு அப்பால் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாயில்லா ஜீவன்கள் எதை விரும்பி எடுத்தன?

"குதிரைங்க மேல குறை இல்லங்க," என்றாள். "சந்தேகத்துல மூணு குதிரைய நானே பக்கத்துப் பண்ணைப் பொலிகுதிரைகிட்ட ஓட்டிட்டுப் போனேன். மூணும் இப்ப சினையா இருக்கு."

ஹனோராவின் முகம் வெளுத்தது. "பாத்தியாடா லோர்கன்... தன் வயிறு காஞ்சு போச்சுன்னு என் வீட்டையும் காய வைக்கிறா. பிள்ளை பெறாதவளுக்குப் பண்ணையோட அருமை எங்க தெரியும்?"

"போதும்மா."

சொன்னது கயிற்றைப் பிடித்திருந்த ஃபின்டன். குதிரை அவனைத் திரும்பிப் பார்த்தது.

"குறை அவகிட்ட இல்ல, என்கிட்டதான். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. எனக்காக அவ இத்தனை வருஷமா உங்க பேச்ச வாங்கிக்கிட்டா... நான் கோழை மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதுவரை எல்லாவற்றையும் மொழிபெயர்த்த அந்தப் பெண் இதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. கிழவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர் பிரின்ஸை வாங்கவில்லை. காரில் ஏறுமுன் மஜெல்லாவின் எதிரே நின்று நன்றாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். தங்க விளிம்புக் கோப்பைகளில் அன்று யாரும் குடிக்கவில்லை.

லோர்கன் வாளியை உதைத்துவிட்டு எங்கோ போனான். மேட்டுப் புல்வெளியை விற்றுவிடலாம், உன் குதிரைகளைத் தொடமாட்டேன் என்று ஃபின்டன் லாயத்துக்கு வந்து சொன்னான். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து அழுதான். மஜெல்லா அவனைத் தேற்றவில்லை. இன்றைக்கு அவனே அழுது முடிக்கட்டும் என்று ஓட்ஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வேலை முடிந்து மஜெல்லா பின்வாசல் வழியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது ஹனோரா அங்கே நின்றிருந்தாள். மாதா சிலையின் முன்னால்கூட முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்தே ஜெபிக்கிறவள், மெல்லத் தரையில் மண்டியிட்டாள். மஜெல்லாவின் சேறு படிந்த ரப்பர் பூட்ஸைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கம்மா, நானே கழட்டிக்கறேன்."

அவள் விடவில்லை. காலுறையையும் உருவினாள். பாதத்தில் தையல் போட்ட தழும்பு நீளமாக, வெள்ளையாக இருந்தது. கிழவி அதன் மேல் விரலை வைத்தாள்.

"அந்தக் கிணத்துக் கல்லு மேல நடக்கும்போதும்... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தா, உங்க பையனை நீங்க எப்படிப் பாத்திருப்பீங்க?"

ஹனோராவின் தலை அந்தப் பாதத்தின் மேல் கவிழ்ந்தது. சூடாகக் கண்ணீர் விழுந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை, அவள் வாய்க்கு அது பழக்கமில்லை. மஜெல்லாவும் உடனே உருகிவிடவில்லை. சுவரில் மாட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு அவள் கை தானாகவே இறங்கி அந்த நரைத்த தலையைத் தொட்டது.

ஹனோரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் காலையும் குடும்மா," என்றாள்.

மஜெல்லா கொடுத்தாள்.