நாலாவது சுருள்

கேசட் முடிந்து பட்டன் டக்கென்று மேலே எழும்பிய சத்தம் நஜீஹாவின் காதில் தெளிவாக விழுந்தது. தாலாட்டு மட்டும் நிற்கவில்லை.

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். ஜன்னல் ஏ.சி.யின் உறுமல், மதியச் சாப்பாட்டுக்குக் கடை அடைப்பவர்கள் கீழே ஷட்டரை இழுக்கும் கரகரப்பு, ஆகஸ்ட் வெயிலில் வெந்துகொண்டிருந்த கராமா குடியிருப்பின் சுவர்கள் எங்கோ லேசாக விரியும் சத்தம், இத்தனைக்கும் நடுவே ஹாலிலிருந்து அவளுடைய குரலே, அவள் இழுக்கும் அதே இழுப்போடு, அவள் ஒருநாளும் பாடியிராத ஒரு அடியைப் பாடிக்கொண்டிருந்தது.

ஊரில் என்றால் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளப் பத்துப் பேர் இருப்பார்கள். துபாயில் அவளுக்கு அவள் மட்டும்தான். கணவன் ஹஸ்னைன் காலையில் தேராவிலுள்ள துணிக்கடைக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும். சமைக்கும் நேரத்தில் ஏழு மாத ஆரிப் அழாமல் கிடக்கட்டும் என்று தாலாட்டைக் கேசட்டில் பாடி வைத்தாள். மூன்று வாரமாகக் கேசட்தான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது. இப்போதெல்லாம் பாட்டு நின்றால் அழுகிறான். அவள் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் கை நீட்டுகிறான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போன் போட்டாள்.

“மச்சான், உங்க செட்டு கேசட் முடிஞ்ச பொறவும் பாடுது.”

“பாடாம? எழுபத்திரண்டாம் வருஷத்து செட்டு. முதல்ல வச்சிருந்தவன் உள்ளே தன் கையாலயே என்னென்னமோ மாத்தியிருக்கான். ஸ்பீக்கரே மைக் மாதிரி கேக்கும்னு பழைய சாமான் கடைக்காரன் சொன்னான்ல?”

“கேக்கட்டும். நான் பாடாததை எப்படிப் பாடும்?”

“உனக்குத் தூக்கம் பத்தல புள்ள. அதைத் திறந்து கிறந்து வச்சிராதே.”

“எங்க வாப்பா ரேடியோ கடையில நான் வயருக்கு ஈயம் பத்த வச்சிக்கிட்டிருந்தப்ப நீங்க பட்டம் விட்டுக்கிட்டிருந்தீங்க.”

“அதான் பயமா இருக்கு” என்று சிரித்த ஹஸ்னைன், ஆள் வந்துவிட்டதென்று போனை வைத்துவிட்டான்.

ஹாலில் பாய் காலியாகக் கிடந்தது. ஆரிப் தவழ்ந்துபோய், ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியில் கன்னத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கிடந்தான். சூடேறிய தூசியின் வாசனை. அதற்கடியில் இன்னொன்று, தலைமுடி தீய்வது போல.

நஜீஹா பிளக்கைப் பிடுங்கினாள்.

செட்டின் விளக்கு அணைந்தது. பாட்டு அணையவில்லை.

 அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. இது என் வீடு. இது நான் பெத்த பிள்ளை. அலமாரியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

“ஆரிப்பு” என்றது ஸ்பீக்கர், அவள் குரலில், கொஞ்சலாக. “அங்கே போவாதே வாப்பா. அது வேற யாரோ.”

பிள்ளை அவளைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. இன்னும் ஒட்டிக்கொண்டான், ஸ்பீக்கரோடு.

“யாருன்னு இப்பத் தெரியும்” என்றாள் நஜீஹா.

நான்கு திருகாணிகள். மேல்மூடி வந்துவிட்டது. உள்ளே கம்பெனிக்காரன் வைத்த வயர்களுக்கு நடுவே வேறொருவன் வேலை கிடந்தது. படு சுத்தமான வேலை. ஈயம் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வரிசையாக நான்கு சுருள்கள். செம்புக் கம்பி என்று நினைத்துத்தான் விரலை வைத்தாள்.

முடி.

முதல் சுருளில் பொன்னிறம். இரண்டாவது கறுப்பு. மூன்றாவது சுருட்டை. நாலாவது பாதிதான் சுற்றியிருந்தது. மருதாணிச் சிவப்பு.

அவள் கை தானாகத் தன் மருதாணிப் பின்னலுக்குப் போயிற்று. பிள்ளை பெற்ற உடம்பு, கொட்டத்தான் செய்யும் என்று சீப்பில் வந்த முடியைத் தினமும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுருள் அசைந்தது. மெல்ல, ஒரு சுற்று.

கத்தரிக்கோலை எடுத்து அந்தச் சுருளைக் குறுக்கே வெட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஸ்பீக்கர் வயரையும் வெட்டி வீசினாள்.

பாட்டு நின்றது.

ஏ.சி.யின் உறுமல் மட்டும். நஜீஹா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையை விரித்தாள். ஆரிப் என்று கூப்பிட்டாள்.

வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

இருமிப் பார்த்தாள். இருமலும் வரவில்லை.

“ஆரிப்பு” என்றது ஸ்பீக்கர்.

அவள் யோசிக்கவில்லை. பிள்ளையை வாரி எடுத்தாள். உதைத்தான், திமிறினான், அவள் முகத்தைப் பிறாண்டினான். விடவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

வராந்தா. வெக்கை. வரிசையாகச் சாத்திய கதவுகள். யாரும் இல்லை.

தோளில் ஆரிப் அழுதான். முகம் சிவந்து, கண்ணீர் கொட்டி, தொண்டை நரம்பு புடைக்க அழுதான். சத்தமே இல்லை.

சத்தம் கதவுக்கு உள்ளே கேட்டது.

உள்ளே, அவள் வீட்டில், அவள் பிள்ளை வீரிட்டு அழுதான். அவளுடைய குரல் அவனைத் தட்டிக் கொடுத்தது. “ஒண்ணுமில்லடா, உம்மா இருக்கேன்ல?” அழுகை விம்மலானது. விம்மல் அடங்கி, கிளுகிளுவென்று ஒரு சிரிப்பு எழுந்தது.

தோளில் இருந்தவன் வாய் பிளந்து அழுதுகொண்டேதான் இருந்தான்.

படிக்கட்டு நாலடி தூரத்தில் இருந்தது. இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் என் பிள்ளையின் குரலை இங்கே விட்டுவிட்டு நான் எங்கே போவது? நஜீஹா சாவியைப் பூட்டுக்குள் விட்டாள்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து கேட்டது அவள் குரல். “வீட்டுல ஆம்பளைங்க இல்ல. பொறவு வாங்க.”

உள்தாழ்ப்பாள் விழுந்தது.

பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். காலைத் தூக்கிக் கதவை உதைத்தாள். மரம் அதிர்ந்தது, குதிகாலில் வலி தெறித்தது. சத்தம் எழவில்லை.

மறுபடி உதைத்தாள்.

மறுபடியும்.