இருவருக்கான மாடம்

கீழ்ப் படிகள் எல்லாம் உலர்ந்து கிடக்க, மேலே வீட்டுக் கதவை ஒட்டிய நாலைந்து படிகள் மட்டும் நனைந்திருந்தன. சந்தையிலிருந்து மத்தி மீன் பொட்டலத்தோடு ஏறி வந்த நெரினா அங்கேயே நின்றுவிட்டாள். வெனிஸில் பிறந்து அங்கேயே நரை கண்டவளுக்குத் தண்ணீரின் குணம் தெரியாதா? கடல் பொங்கினால் தெருவாசல் வழியாக நுழையும், முதல் படியை நனைக்கும், மிஞ்சிப்போனால் மூன்றாவது படியைத் தொடும், பிறகு வந்த வழியே போய்விடும். அடிப்படியை விட்டுவிட்டு மேல்படியில் போய் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. அண்ணாந்து பார்த்தாள், கூரையில் ஒழுகல் இல்லை. குனிந்து மோந்து பார்த்தாள். தண்ணீர் வடிந்த கால்வாயின் சேற்று வாடை, அதற்குள் வாடிய செவ்வந்தியின் கசப்பு. கல்லறைக்குத் தவிர வேறெதற்கும் அந்த ஊரில் யாரும் செவ்வந்தி வாங்குவதில்லை.

டுல்லியோ கட்டிலில் விழித்துக் கிடந்தான். ஊர்ப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவன். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையே கதி.

"என்னடி, மறுபடியும் வெளிய போயிட்டியா?"

"மறுபடியுமா? காலைல போனவ இப்பதான் வர்றேன்."

"சும்மா சொல்லாத. கொஞ்சம் முன்னாடி பக்கத்துல வந்து நின்னியே, போர்வையை இழுத்து விட்டியே. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"மாத்திரை மயக்கம். தூங்கு கெழவா."

"மத்தி வாங்கியிருக்கியா? வெங்காயத்தோட கொஞ்சம் உலர்திராட்சையும் போடு. லொரெதானா போடுவா."

லொரெதானா! டுல்லியோவின் முதல் மனைவி, செத்தும் இந்த வீட்டுச் சமையலறையை விட்டு வெளியேறாதவள். நெரினா மீனைத் தொட்டியில் போட்ட வேகத்தில் தண்ணீர் முகத்தில் தெறித்தது. உயிரோடிருக்கும் சக்களத்தி என்றால் நேருக்கு நேர் சண்டை போடலாம், மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று நாலு பேரிடம் குறை சொல்லலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயது ஏறாது, குறட்டை வராது, அவள் வைக்கும் மீன் ஒருநாளும் தீயாது. ஒன்பது வருடமாக நெரினா இவனுக்குத் துணி துவைத்து, சோறு போட்டு, இப்போது மலஜலமும் அள்ளிக் கொட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் படகேறிப் போய்ப் பூ வைத்தது என்னவோ அவளுக்கு.

வெனிஸின் கல்லறை ஒரு தனித் தீவு, அங்கே மண் குறைவு. பன்னிரண்டு வருடம் படுத்திருக்கலாம், பிறகு தோண்டிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் எலும்புகளைச் சின்னத் தகரப் பெட்டியில் அடுக்கி, சுவர் மாடத்தில் வைத்து மூடலாம். யாரும் இல்லையென்றால் பொதுக்குழி. அங்கே எல்லோரையும் ஒன்றாகக் கொட்டிவிடுவார்கள், எது யாருடையது என்று அப்புறம் கடவுளாலும் பிரிக்க முடியாது. லொரெதானாவின் தவணை இந்த இலையுதிர் காலத்தில் முடிவதால் டுல்லியோ போன வருடமே மாடம் பார்த்து வைத்திருந்தான். இரண்டு பெட்டி கொள்ளும் மாடம்.

"எனக்கும் அவளுக்கும் போதும்" என்றான்.

"அப்ப நான்?"

"உனக்கென்ன, உங்க அம்மா பக்கத்துல பாத்துக்கலாம். நீ எங்க இருந்தாலும் சமாளிச்சுக்குவே, நெரினா."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை அவன். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

பிறகு இடுப்பு முறிந்தது. "நீதான் போகணும். குழி தோண்டும்போது பக்கத்துலயே நில்லு. அவளைத் தனியா விட்டுடாத" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இவளுக்காக ஒருநாளும் அழுததில்லை. நெரினா போனாள். மண்வெட்டிக்காரன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?" என்று கேட்டபோது, கையில் செவ்வந்திக் கொத்தோடு நெரினா முன்னால் வந்தாள்.

"நான் பக்கத்து வீட்டுக்காரி. குடும்பம்னு யாரும் மிச்சமில்ல."

"பாவம். அப்ப பொதுக்குழிதாம்மா."

"ஆமா. பொதுக்குழிதான்."

வீட்டுக்கு வந்து, லொரெதானா கல்யாணத்துக்கு வாங்கிய நீலக்கரைப் பீங்கான் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் அடுக்கினாள். அடுத்த வாரம் வேறொரு கொத்தனார் எதுவும் கேட்காமல் அதை மாடத்தில் வைத்துப் பூசி, பெயர் வெட்டிய பளிங்கால் மூடினான். பெட்டி கொஞ்சம் கலகலத்தது, அவ்வளவுதான். திரும்பும் படகில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அதெல்லாம் போன மாதம். இப்போது சமையலறையில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. நெரினா உலர்திராட்சை போடவில்லை, போடவும் மாட்டாள். வினிகரை ஊற்றி மூடி வைத்தாள். சன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி, எதிர்க்கரையையும் அதற்கப்பால் தீவின் சுவரையும் விழுங்கிவிட்டிருந்தது. மாலையே இன்னும் ஆகவில்லை, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

சைரன் ஊளையிட்டது. கடல் ஏறுகிறது. கடலுக்கே தடுப்புக் கதவு போடாத காலம் அது; அவரவர் வாசலை அவரவர்தான் காக்க வேண்டும். நெரினா முழங்கால் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினாள். மேல்படிகள் இன்னும் ஈரமாகவே இருந்தன. வாசல் நிலையின் இரு பக்கக் காடியிலும் இரும்புப் பலகையை இறக்கித் திருகை முடுக்கினாள். சற்று நேரத்தில் பலகைக்கு வெளியே தண்ணீர் நக்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

தலைக்கு மேலே தரைப் பலகை முனகியது.

யாரோ நடக்கிறார்கள். டுல்லியோவால் எழுந்திருக்கவே முடியாது. ஈரக்கால், வெறுங்கால். கனமான ஓர் அடி. அடுத்தது குழந்தை வைப்பதுபோல் இலேசாக. அடுத்தது தேய்த்து இழுத்தபடி. பிறகு மறுபடியும் கனமாக. ஒரே ஆள் நடக்கிற சீர்தான். ஆனால் ஒரே ஆளின் கால்கள் இல்லை.

வெளியே தண்ணீர் கணுக்கால் அளவுதான், பலகையைத் தாண்டினால் தெரு, தெருமுனையில் மதுக்கடை, கடையில் வெளிச்சம், மனிதர்கள். ஒரு காலைத் தூக்கிப் பலகைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டாள்.

அப்போது மேலே டுல்லியோ சிரித்தான்.

அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இருபது வயதுப் பையன் மாதிரி, வெட்கமும் ஆசையுமாக. ஒன்பது வருடத்தில் அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட இவளுக்குக் கிடைத்ததில்லை. எங்கே ஒளித்து வைத்திருந்தான் அதை? பயம் பயமாகவே இருந்தது, ஆனால் பொறாமை அதன் கழுத்தைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டது. நெரினா காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். "என் வீடு. என் புருஷன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

ஈரம் நடுப்படி வரை இறங்கி வந்திருந்தது. சேற்று வாடை மூக்கைத் துளைத்தது.

சமையலறை. அடுப்பு அணைந்திருந்தது. மேசையில் நீலக்கரைத் தட்டுகள். இரண்டு. ஓரங்களில் ஈரச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் மத்தி மீன், வெங்காயம், மேலே உப்பிய உலர்திராட்சைகள்.

இரண்டு நாற்காலிகள். மூன்றாவது சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடப்பட்டிருந்தது.

படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. டுல்லியோவின் குரல் மட்டும்.

"உன் கை எப்பவும் இப்படித்தான், சில்லுனு."

சொட்டும் சத்தம்.

"நெரினாவா? அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ எங்கயாச்சும் படுத்துக்குவா. சமாளிச்சுக்குவா."

நெரினா கதவைத் தள்ளினாள்.

கண்ணை மூடிக்கொண்டு சிரித்த முகமாகக் கிடந்தான் டுல்லியோ. சுவரோரமாக ஒதுங்கி இடம் விட்டிருந்தான். நெரினா படுக்கும் பக்கம். அவளுடைய தலையணை. போர்வை கழுத்துவரை மேடாக இருந்தது. மேடு மூச்சு விடவில்லை. அவன் நெஞ்சில் வைத்துத் தடவிக்கொண்டிருந்த கை மட்டும் வெளியே தெரிந்தது. அகலமான கை. துடுப்புப் போட்டுத் தடித்த எலும்புகள். அது லொரெதானாவின் கை இல்லை. எந்தப் பெண்ணின் கையும் இல்லை.

"டுல்லியோ." என்றாள்.

அவளுக்குப் பின்னால் படிகளில் ஈரக்கால்கள். ஒரு ஜோடி இல்லை. படி முழுக்க. பொறுமையாக. வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.

பொதுக்குழிதான் என்று சொன்னது அவள்தான்.

தலையணையில் இருந்தது மெதுவாக இவள் பக்கம் திரும்பியது. கோபமில்லை அதில். போர்வையின் விளிம்பு உயர்ந்தது. அதைப் பிடித்திருந்தவை ஒரு கிழவியின் வளைந்த விரல்கள். பக்கத்தில் சின்னஞ்சிறு விரல்கள், பால்பல் போல வெளுத்து. அதற்கும் பக்கத்தில் மோதிரமிட்ட ஒன்று, லொரெதானாவின் கல்யாண மோதிரம். எல்லாமாகச் சேர்ந்து போர்வையைத் தூக்கிப் பிடித்திருந்தன.

உள்ளே இருட்டாக இருந்தது. அங்கே அவளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.