தலைமை ஆய்வாளரின் துண்டு

உலக வாசனைச் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பொறிக்க ஆள் அமையாததால் இங்கே மையால் எழுத வேண்டியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், நல்ல முகூர்த்தத்தில், அவனியாபுரத்துக்குத் தெற்கே உள்ள மல்லிகைச் சாறு ஆலையின் ஆய்வகத்தில், முதலாளி வெள்ளைத்துரையின் திருக்கரங்களால், தலைமை ஆய்வாளர் நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளை டர்க்கித் துண்டு போர்த்தப்பட்டது. ஊழியர்கள் கை தட்டினார்கள். ஆளுக்கு ஒரு லட்டு.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் ராம்கி, முதலாளியின் அக்கா மகன். உட்காராதவர் ஹரிராம், ஆய்வகத்தின் முதல் குப்பியைக் கழுவிய நாளிலிருந்து அங்கே இருப்பவர்.

"மாப்ள சென்னைக்குப் போயி புது சாப்ட்வேரெல்லாம் படிச்சுட்டு வந்திருக்காப்ல. நீங்க கூடமாட இருந்து பாத்துக்கங்க ஹரி," என்றார் முதலாளி.

"அண்ணே இல்லாம எனக்கு என்னண்ணே தெரியும்?" என்றான் ராம்கி.

அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்ததுதான் ஹரிராமுக்குத் தாங்கவில்லை.

அந்தச் சாப்ட்வேர் செய்வது இவ்வளவுதான். ஒரு பொருளின் ஆவியை இயந்திரம் இரண்டு முறை பிரித்துக் கொடுக்க, அது கறுப்புத் திரையில் புள்ளிகளாக இறைத்துக் காட்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாசனைப் பொருள். விமானத்திலிருந்து பார்க்கிற ராத்திரி மதுரை மாதிரி இருக்கும் என்று, விமானமே ஏறாத ராம்கி எல்லோருக்கும் விளக்கினான். இரண்டு படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கச் சொன்னால், முதலாவதில் மட்டும் இருப்பது சிவப்பாகவும் இரண்டாவதில் மட்டும் இருப்பது பச்சையாகவும் மினுங்கும். இரண்டிலும் சமமாக இருப்பது அணைந்துபோகும். கலப்பட மல்லிகையைப் பிடிப்பதற்காக முதலாளி அதை வாங்கினார். ஹரிராம் அதைக்கொண்டு பிராந்தியைப் பிடிக்க நினைத்தார்.

மதியத்துக்கு மேல் ராம்கியின் கண் சிவந்திருப்பதாக அவருக்கு ஒரு நம்பிக்கை. அதைப் படமாக எடுத்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டால் நாற்காலி தன்னால் காலியாகும். சாயங்காலம் எல்லோரும் போனபிறகு அந்தத் துண்டின் மூலையைக் கத்தரித்துக் குப்பியில் போட்டு, மூடிச் சூடாக்கி, மேலே தேங்கிய ஆவியை ஊசியால் இழுத்து இயந்திரத்துக்குக் கொடுத்தார். ஒப்பிடுவதற்குத் தன் வாசனை வேண்டும். தன் நாற்காலியில் துண்டு இல்லாததால் கைக்குட்டையை வெட்டினார். அந்த அவமானத்தையும் ராம்கியின் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பிராந்தி இல்லை. பச்சையில் ராம்கியின் வெளிநாட்டு ஷேவிங் லோஷன். சிவப்பில் ஹரிராமின் தேங்காய் எண்ணெய், ரசம், வியர்வை. ஒரே ஓர் இடம்தான் உறுத்தியது. அவர் தினமும் நெற்றியில் தேய்க்கும் தலைவலித் தைலத்தின் புள்ளிகள், எரியவேண்டிய இடத்தில், அணைந்திருந்தன.

ராம்கிக்குத் தலைவலி வந்ததே கிடையாது. தலைவலிக்குக் காரணமாகத்தான் இருப்பான். ஹரிராம் இழுப்பறையைத் திறந்து தைலச் சீசாவைப் பார்த்தார். அவர் விட்ட அளவிலேயே இருந்தது.

அடுத்த வாரம் மறுபடி வெட்டினார். இந்த முறை சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பெருங்காயம் அணைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் அணைந்திருந்தது. அப்புறம், திரையின் வலது மூலையில், அவர் அதுவரை கவனித்தே இராத ஒரு சிறு கொத்து: அவர் மனைவி ரங்கநாயகி தலைக்குத் தேய்க்கும் பொடி, சீயக்காயும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் அவள் தன் கையால் கலந்து அரைப்பது, தலையணை வழியாக மட்டுமே ஒருவர் மேல் ஒட்டக்கூடியது. அதுவும் அணைந்திருந்தது. அப்படியென்றால் அது ராம்கியின் துண்டிலும் இருக்கிறது.

வில்லாபுரத்து வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டார். அந்த வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு; தமிழை வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிடுவார்கள். ராம்கி இங்கே வந்தானா என்றார். எந்த ராம்கி, போன வருஷம் கொலுவுக்கு வந்து சுண்டல் கேட்டு வாங்கித் தின்ற பையனா என்றாள் அவள், வெங்காயம் நறுக்கியபடி, நிமிராமல். அந்தச் சுண்டலைச் செரிக்க முடியாமல் ஹரிராம் இரவெல்லாம் புரண்டார்.

மூன்றாம் முறை வெட்டிய அன்று மழைக்கு மூட்டம் போட்டிருந்தது. காலையிலிருந்து நசநசவென்று புழுக்கம்; பக்கத்துக் கொட்டகையில் சாறு எடுத்து எறிந்த மல்லிகைச் சக்கை குவியலாக அழுகி, இனிப்பும் பிணமும் கலந்த ஒரு வாடையை ஜன்னல் இடுக்குகள் வழியே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது; இயந்திரத்தின் அடுப்பு மட்டும் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல் உஸ்ஸென்றது. ராம்கி அன்று வேலைக்கு வரவில்லை. ஹரிராம் கழிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

கறுப்பு.

சிவப்பு இல்லை. பச்சை இல்லை. படங்களைத் தனித்தனியாகத் திறந்து பார்த்தார். இரண்டும் புள்ளிகளால் நிறைந்துதான் இருந்தன. மறுபடி கழித்தார். கறுப்பு. அந்தக் கறுப்பில் அவர் முகம் தெரியவேண்டும், திரைக்கு முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்? நாற்காலியின் முதுகும் துண்டும் தெரிந்தன.

அப்போதுதான் கவனித்தார், அவர் உட்கார்ந்திருந்தது ராம்கியின் நாற்காலி. எப்போது உட்கார்ந்தார் என்று நினைவில்லை. மெத்தை அவர் இடுப்புக்கு அளவெடுத்ததுபோல் அமுங்கியிருந்தது. சுகமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டையில் ஷேவிங் லோஷன் மணத்தது.

ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்ன செண்டு தம்பி இது, அம்புட்டு வாசனையா இருக்கு?" என்றார்.

தம்பி.

வில்லாபுரத்தில் இறங்கும்போது கரண்ட் போயிருந்தது. தெருவே இருட்டு. அவர் வீட்டு ஜன்னலில் மட்டும் மெழுகுவத்தி வெளிச்சம். குளியலறையில் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். நிற்கும். மறுபடி ஊற்றும். நடுவில் ஓர் இருமல், சளி கட்டிய, பழகிய இருமல். மனைவி இருமுவது அப்படி இல்லை. அப்படி இருமுவது ஹரிராம்.

கதவைத் தட்டினார்.

ரங்கநாயகி மெழுகுவத்தியோடு வந்தாள். உயர்த்திப் பிடித்தாள். வெளிச்சம் அவர் முகத்தில் முழுதாக விழுந்தது. பார்த்தாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பை எடுத்துச் சிரித்தாள்.

"வாங்க தம்பி," என்றாள். தமிழில். "அவரு இப்பத்தான் வந்து குளிக்கப் போனாரு. உக்காருங்க. கரண்டு வேற இல்ல."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தார். வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் என்ன? நாக்கு தேடியது. இல்லை.

"இருக்கட்டும்க்கா," என்றது வாய். "அண்ணன் மெதுவா வரட்டும்."

உள்ளேயிருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. அவர் குரல். அவள் திரும்பிப் பதில் சொன்னாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள். உள்ளேயும் சிரிப்பு. பிறந்தது முதல் பேசிய மொழி. ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

தண்ணீர் நின்றது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

தலைவலித் தைலத்தின் வாசனை முதலில் வந்தது. பின்னால், தலையைத் துவட்டியபடி ஓர் ஆள். முகம் துண்டுக்குள். வெள்ளை டர்க்கித் துண்டு. மூன்று மூலைகள் கத்தரிக்கப்பட்டிருந்தன. துவட்டுவது நின்றது. துண்டு மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது.

பதவி உயர்வு அமலுக்கு வந்துவிட்டது.