மூன்று தட்டு, பிறகு ஒன்று

கப்பலின் கிடங்கு மூடியில் கடைசி ஆப்பை அடித்த பிறகுதான் ஜேபஸுக்கு அந்தத் தட்டல் கேட்டது. உள்ளிருந்து மூன்று. சற்று விட்டு ஒன்று.

சாவோ மிகேல் தீவிலிருந்து லண்டனுக்கு ஆரஞ்சு கொண்டுபோகும் பாய்க்கப்பல்களில் அது வழக்கம். அழுகல் பொறுக்கக் கீழே இறங்கியவன் மேலே ஏறியதும் மூடியின் விளிம்பில் அப்படித் தட்டுவான். அதைக் கேட்காமல் துணைக் கேப்டன் மூடியை அடைக்கக் கூடாது. ஆனால் பாய்மர உயரத்துக்கு அலை எழுந்து வந்தபோது துணைக் கேப்டனான ஜேபஸ் காத்திருக்கவில்லை. கீழே இருந்தவன் அவன் தங்கை ஹன்னாவின் புருஷன் ரூபன்.

"கேப்டன், ரூபன் உள்ள மாட்டிக்கிட்டான்! திறந்துடலாம்!"

"பெட்டிதாண்டா முட்டுது," என்றார் ஹாக்கிங், சுக்கானை விடாமல். "அவனாவே இருக்கட்டும். இந்தக் கடல்ல திறந்தா எல்லாரும் முழுகிடுவோம். ஒங்க மச்சான் உறவுக்கு நான் சாகணுமா?"

புயல் இரண்டு நாள் அடித்தது. பலகை இடுக்குகளில் ஆரஞ்சு வாசம் கசிந்து, தாரோடும் உப்போடும் கலந்து குமட்டியது. ஜேபஸ் மூடிமேல் குப்புறப் படுத்து, தார்ப்பாயில் வாயை வைத்துக் கத்தினான்.

"மச்சான், இங்கதான்டா இருக்கேன்!"

மூன்று. ஒன்று.

அந்தக் கேப்டனை வெறுத்தான். தன்னை அதைவிட வெறுத்தான். ஆப்பில் மட்டும் கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் வெயில் வந்தது. திறந்தார்கள். புளித்த சூடு முகத்தில் அடித்தது. ஏணியடியில் ரூபன் கிடந்தான். சரிந்த பெட்டிகளுக்கு அடியில் அவன் இரு கைகளும் முழங்கைவரை நசுங்கியிருந்தன.

"கப்பல் ஆடுன மொத ஆட்டத்துலயே போயிட்டான் பாவம்," என்றான் சமையல்காரன்.

மூடியின் அடிப்பக்கம் முழுக்க நகக் கீறல்கள். ஆரஞ்சுச் சதை. ரத்தம். இன்னும் ஈரமாக.

ரூபனை மேல்தளத்தில் கிடத்திப் பாய்த்துணியால் போர்த்தினார்கள். மேற்கே மறுபடியும் கறுத்தது.

"மூடுடா," என்றார் ஹாக்கிங்.

இந்த முறை ஜேபஸ் ஆட்களை எண்ணினான். எல்லோரும் மேலேதான். கிடங்கில் யாருமில்லை. ஆப்பை அடித்தான்.

மூன்று.

ஒன்று.



"பெட்டிதாண்டா," என்றார் ஹாக்கிங். "இன்னொரு ஆப்பு அடி."

ஜேபஸ் சுத்தியலை ஓங்கினான். கண் ரூபனைப் போர்த்திய பாய்த்துணிமேல் போனது.

துணி பலகையோடு தட்டையாகக் கிடந்தது.